பால் போத்தலில் அளந்த மழை

பாப்பா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்பே நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். கோபப்படாதே. வீட்டு விஷயத்தை ஊர் படிக்க ஒட்டி வைப்பதா என்று நீ கேட்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் சொன்னேன். அது லயம் லயமாக, வீட்டு வரிசை வரிசையாகப் போய் உன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லிவிட்டு நான் நிம்மதியாகப் படுத்துக்கொள்வது என்ன நியாயம்? அதனால் பள்ளிக்கூட அதிபரிடம் அனுமதி கேட்டேன். அவரை உனக்குத் தெரியும், உன்னுடைய விஞ்ஞான டீச்சர்தான் இப்போது அதிபர். "தாங்கோ ஐயா, நானே ஒட்டுறன்" என்று சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து எழுதுவதும் அதே பள்ளிக்கூடத்தில்தான். இந்தப் புயல் மழையில் மலை இறங்கி நம் கீழ் லயத்தை மூடிய நாளிலிருந்து எங்களை இங்கே வைத்திருக்கிறார்கள். ஒன்பது குடும்பங்களுக்கு இரண்டு அறைகள். எனக்குக் கிடைத்தது விஞ்ஞான அறையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பாய் விரிக்கும் இடம். குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. நான் இறுக்கப் போனால், "பெருசு, சும்மா இருங்க, உள்ளதையும் ஒடைச்சிராதீங்க" என்கிறார்கள். பகலில் எல்லோரும் மண்ணைக் கிளறி அகப்பட்டதை எடுக்கப் போய்விடுவார்கள். எனக்கு எடுக்க ஒன்றுமில்லை, அதனால் நான் போவதில்லை. பொழுது சாய்ந்தால் ஆளாளுக்குப் பெண்டாட்டியோடும் பிள்ளைகளோடும் மல்லுக்கு நிற்கிறார்கள். பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று சொல்லிச் சண்டை பிடிக்கக்கூட எனக்கு ஆள் இல்லை. உன் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அவள் சட்டி பானையும் சேலையும் இருந்தவரை அவள் பக்கத்துக் காம்பராவுக்குப் போயிருக்கிறாள் என்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது. இப்போதுதான் அவள் செத்துப்போனது எனக்கு முழுசாகத் தெரிகிறது.

முதலில் உனக்குத் தெரியாத பகுதியைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாது என்று நான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்த பகுதி என்று சொல்வதுதான் சரி, அதற்குப் பிறகு வருகிறேன். நீ ஒரு வயதைத் தாண்டியிருந்தபோது எனக்கு ஆபீஸ் வாச்சர் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஆபீஸ் முற்றத்தில், கம்பி வேலிக்குள் இருக்கும் மழைமானியைத் திறக்க வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுக் கிளாசில் ஊற்றிப் பார்த்து, அளவைப் பெரட்டுக்களத்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். வேலைக்குப் பெயர் கொடுக்க வரும் சனம் எல்லாம் அதைப் பார்க்கும். கிளாக்கர் ஐயா அதை மழைப் புத்தகத்தில் பதிந்துகொள்வார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி வருகிற புத்தகம். கிளாஸ் ஒரு முறை நிறைந்தால் அரை அங்குல மழை என்பது கணக்கு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு வெண்கட்டி கிடைத்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போய், நான் எழுதிய எண்ணை உனக்குக் காட்டியிருக்கிறேன்.

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, ஒரு பனிக்காலையில் விரல் விறைத்துப்போய், கிளாஸ் நழுவிச் சீமெந்தில் விழுந்து தூளாகிவிட்டது. வேலை கொடுத்த அன்றே கிளாக்கர் ஐயா சொல்லியிருந்தார்: "இந்தா பாரு, இது கொழும்புல இருந்து வந்த சாமான். இத ஒடைச்சே, ஒன்னய மறுபடி மலைக்கே அனுப்பிருவேன்." மனுஷன் சும்மா மிரட்டியிருப்பார். போய்ச் சொல்லியிருந்தால் நாலு வசவு வைதுவிட்டு இன்னொன்று எடுப்பித்திருப்பார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தேன். அடுப்படிப் பலகையில் உன் பால் போத்தல் இருந்தது. நீ அப்போதுதான் போத்தலை விட்டுக் கோப்பைக்கு மாறியிருந்தாய். எடுத்துப் பார்த்தேன், உடைந்த கிளாசின் உயரமே இருந்தது. அது நிறைந்தாலும் அரை அங்குலம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதன் வயிறு பெரிது, தண்ணீர் கூடக் கொள்ளும் என்பதை இந்த மண்டை யோசிக்கவே இல்லை. புதுக் கிளாஸ் வரும்வரைக்கும்தானே என்று நினைத்தேன். உடைந்ததையே சொல்லாதபோது புதுசு எங்கிருந்து வரும்? ஒரு வாரம் ஒரு வருடமானது. போத்தல் பெரிது என்று பிறகு புரிந்தபோதும், மழை பெய்கிறது பெய்துவிட்டுப் போகிறது, புத்தகத்தில் கொஞ்சம் குறைந்தால் தேயிலைக்குத் தெரியவா போகிறது என்று இருந்துவிட்டேன்.

நீ தரம் பத்துக்கு வந்தபோது அந்த டீச்சர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் கட்டி மாத்தளை டவுனில் இருந்தவர், எல்கடுவ பஸ்ஸில் வந்து இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே ஏறுவார். அவர் கொடுத்த செயற்றிட்டத்துக்கு நீ வைத்த தலைப்பு 'கடும் வானிலையும் எங்கள் தோட்டமும்'. அடேயப்பா, என்ன ஆர்ப்பாட்டம்! மின்னல் எந்த மரத்தில் விழுந்தது, காற்று எந்த வருடம் கூரைத் தகரத்தைத் தூக்கியது, மண் எங்கெங்கே சரிந்தது என்று லயம் லயமாகக் கேட்டு எழுதினாய். கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற உயரமான கண்ணாடிப் போத்தல் ஒன்றை வாங்கி வந்து, மரக்கறிப் பாத்திக்கு நடுவே கம்பு நட்டுக் கட்டினாய். காலையில் பள்ளிக்கூடச் சட்டைக்கு மேல் அம்மாவின் படங்கைச் சுற்றிக்கொண்டு, அடிமட்டத்தோடு மழையில் நிற்பாய். கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு உன் கணுக்கால் வரை தொங்கும். ஒரு நாள் அந்தப் போத்தலில் நகத்துக்குப் பூசுகிற சிவப்பால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்து சொன்னாய்: "அப்பா, அது அஞ்சு இஞ்சு. ஒரே நாள்ல தண்ணி அந்தக் கோட்டுக்கு வந்திருச்சுன்னா கீழ் லயத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது. ஸ்கூலுக்குப் போயிரணும்." நான் சிரித்தேன். "பாத்தியா, புதுசா ஒரு தொர வந்து உத்தரவு போடுறாரு" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீயும் சிரித்தாய்.

டீச்சர் உன் செயற்றிட்டத்தை வலயப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதை வைத்துச் சிபாரிசுக் கடிதம் எழுதி, டவுனில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்கலாம், தங்குவதற்கும் இடம் பார்க்கலாம் என்றார். நம் லயத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் விஞ்ஞானம் படிக்கப் போனதில்லை. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, உன் அளவுகளை ஆபீஸ் மழைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகத்தைக் காட்டச் சொல்லி என்னைக் கேட்டாய். கிளாக்கர் ஐயா லீவு என்றேன், அலுமாரித் திறப்பைக் காணவில்லை என்றேன், தொர புத்தகத்தைப் பங்களாவுக்கு எடுத்துப் போய்விட்டார் என்றேன். இரண்டு வாரம் இப்படியே இழுத்தடித்தேன். கடைசியில் டீச்சரே உன்னைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். உங்கள் இருவரையும் வாசலில் கண்டதும் நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன். தோட்டத்தை நடத்தப் புதுத் தொர வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் இரண்டு வாச்சர்மாரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

ஆபீசில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சிலர்தான், மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என் பொய் மட்டும்தான். அதனால் எழுதுகிறேன். டீச்சர் உன் கொப்பியையும் மழைப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் நாளாக வாசித்தார். புத்தகத்தில் இரண்டு என்றால் உன்னிடம் மூன்று. புத்தகத்தில் ஒன்று என்றால் உன்னிடம் ஒன்றரை. "ஒரு நாள் எண்டாப் பிழை எண்டு விடலாம் ஐயா. எல்லா நாளும் எப்பிடிக் கூடும்?" என்று கேட்டார். கிளாக்கர் ஐயா என் பக்கம் திரும்பி, "என்னய்யா, நீதானே அளக்கிற? எது சரி?" என்றார். தொரயின் அறைக் கதவு திறந்திருந்தது. நான் சொன்னேன்: "வெளையாட்டுப் புள்ளைங்க. போட்டியில ஜெயிக்கணும்னு போத்தல்ல தண்ணிய ஊத்தி வச்சிருக்குங்க ஐயா. நானே ஒரு நாள் பாத்தேன்." நானே பார்த்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை. அதை என் வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது. டீச்சர் உன்னிடம் குனிந்து, "உண்மையோ பிள்ளை? சொல்லும்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். முறைத்திருந்தால் இத்தனை வருடத்தில் நான் மறந்திருப்பேன். நீ முறைக்கவில்லை. காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர்" என்றாய்.

டீச்சர் உன்னை ஏசவில்லை. கொப்பியை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதை இனி நான் அனுப்பேலாது" என்று மட்டும் சொன்னார். சிபாரிசுக் கடிதமும் அதோடு போயிற்று. பொய் அளவு எழுதிய பிள்ளைக்கு விஞ்ஞானம் படிக்கச் சிபாரிசு யார் கொடுப்பார்கள்? அன்று பின்னேரம் நீயே போய்ப் பாத்தியில் இருந்த போத்தலைக் கழற்றிக் கழுவி, அம்மாவிடம் சீனி போட்டு வைக்கக் கொடுத்தாய். பால் போத்தல் எங்கே போனது என்று தெரிந்தவள் உன் அம்மா ஒருத்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன். அவள் என்னிடம் சத்தம் போடவில்லை. "வேலைய காப்பாத்திக்கிட்டீங்க. புள்ளைய எங்கங்க போட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். மாத்தளை ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளிலும், "அவகிட்ட சொல்லிருங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். நீ சாவுக்கு வந்து மூன்று நாள் இருந்தாய். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே திரிந்தேன், உன்னிடம் சொல்லவில்லை.

நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கட்டுநாயக்கவுக்குத் தையல் வேலைக்குப் போனாய். நல்ல வேலை, ஏசி அறை என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். லயத்தில் உனக்கு 'தண்ணி ஊத்துன புள்ள' என்று பெயர் விழுந்திருந்தது. உன் கல்யாணத்தன்றுகூட யாரோ பன்னீர்ச் செம்பைக் காட்டி அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுக்குப் பிறகும் மழையை அதே போத்தலில்தான் அளந்தேன். திடீரென்று சரியாக அளந்தால் மலையில் மழை ஒன்றரை மடங்காகிவிடும், ஏன் என்று யாராவது கேட்பார்கள். அதனால் பொய்யை ஒழுங்காக, ஒரு காலையும் தவறாமல் எழுதினேன். சில வருடத்துக்கு முன்னால் மண்சரிவு வரைபடம் போட ஐயாமார் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் மண்ணைப் பார்த்தார்கள், சரிவை, வெடிப்பைப் பார்த்தார்கள், கடைசியில் மழைப் புத்தகத்தையும் கேட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது ஒருவருடைய விரல் என் எண்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் லயத்துக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று பிறகு வரைபடத்தில் நிறம் தீட்டி அனுப்பினார்கள். என் போத்தலால்தான் அப்படி ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அந்தத் தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஊமையாக நின்றேன், அதை மட்டும் நான் அறிவேன்.

இந்த மழை வந்த இரண்டாம் நாள் காலை மழைமானி கழுத்து வரை நிறைந்திருந்தது. ஊற்றி எண்ணினேன். எட்டுப் போத்தல். என் கணக்கில் நாலு அங்குலம். பலகையில் எழுத வெண்கட்டியை எடுத்தேன், எழுதாமல் திரும்ப வைத்துவிட்டேன். டீச்சர் அன்றைக்கு வாசித்த எண்கள் எனக்கு மனப்பாடம், பாப்பா. இரண்டுக்கு மூன்று என்றால் நாலுக்கு ஆறு. உன் சிவப்புக் கோடு ஐந்தில் இருந்தது. கிளாக்கர் ஐயா இல்லை, பஸ் இல்லை, தொரக்குப் போன் போகவில்லை. போத்தலைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு கீழ் லயத்துக்கு ஓடினேன். வேலை இல்லாததால் எல்லோரும் வீட்டில்தான். ஒரு பக்கம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். "கோட்டத் தாண்டிருச்சு, எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க!" என்று கத்தினேன். "எந்தக் கோடு?" என்றார்கள். "எம் மக போட்ட கோடு" என்றேன். பக்கத்துக் காம்பரா சன்னாசி சீட்டைக் கீழே வைக்காமலே, "எது, ஒங்க மக தண்ணி ஊத்துன போத்தல்லயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீ தோட்டத்தை விட்டுப் போன பிறகு பிறந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

என் வாயால் உண்டாக்கிய கதை, பதினாறு வருடம் கழித்தும் உன்னை நம்ப விடாமல் தடுத்தது. அந்த மழையில் நின்றுகொண்டு சொன்னேன்: "அவ ஊத்தல! ஒரு சொட்டு ஊத்தல! நாந்தான் பொய் சொன்னேன். கிளாஸ ஒடைச்சிட்டு, முப்பது வருஷமா அவ பால் போத்தல்லதான் அளந்து ஒங்களுக்கெல்லாம் எழுதிக் காட்டுறேன். பேஞ்சிருக்கிறது நாலு இஞ்சு இல்ல, ஆறு!" போத்தலை எடுத்துக் காட்டினேன். சன்னாசியின் பெண்சாதிதான் முதலில் எழும்பினாள். பேரப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பியும் பாராமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். சன்னாசி பள்ளிக்கூடம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். என் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மலை இறங்கியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் இங்கே இருந்தார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய மனுஷனாக்கிவிடாதே. தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு நான் ஓடவில்லை. நேரம் இருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அங்கேயும் மண் சரிந்தது, அதில் போனவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இங்கே வந்த நாலாம் நாள், பாய் போட இடம் வேண்டும் என்று இந்த அறையின் அலுமாரிகளை ஒதுக்கினார்கள். டீச்சர் பழைய கொப்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர், ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உன்னுடையது. கடைசி இரண்டு தாள்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தாய். ஊசி துருப்பிடித்துத் தாளில் மண்நிறமாக ஊறியிருந்தது. "இதை நான் அண்டைக்குப் பாக்கேல்லை ஐயா. பாத்திருந்தா அந்தப் பிள்ளையை விட்டிருப்பனே?" என்று சொல்லிக்கொண்டே அந்தத் துருவைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். உள்ளே நீ ஒரு கிளாசும் ஒரு பால் போத்தலும் வரைந்திருந்தாய். கீழே, வகுப்பில் எழுதுகிற தமிழில்: 'பலகை அளவு குறைவதற்குக் காரணம்: அலுவலகத்தில் அளவுக் கிளாசுக்குப் பதிலாகப் பால் போத்தல் பாவிக்கப்படுகிறது. மூன்று கிளாஸ் நீர் இரண்டு போத்தலில் அடங்கும்.' அதற்கும் கீழே, அவசரமாக, பென்சிலால் ஒரு வரி. 'அப்பாவிடம் கேட்டுவிட்டு இதைச் சேர்க்க வேண்டும்.'

நீ கேட்டாய். இத்தனை வருடம் எனக்கு அது ஞாபகமே வரவில்லை, அந்த வரியைப் படித்த பிறகுதான் வந்தது. நான் சாக்குச் சொல்லி இழுத்தடித்த அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "அப்பா, ஆபீஸ்ல நீங்க எதுல அளக்கிறீங்க?" என்று கேட்டாய். "கிளாஸ்லதான், வேற எதுல?" என்றேன். நீ சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாய். அன்றைக்கே ஊசியைக் குத்தியிருப்பாய். ஆபீசில் அந்தப் போத்தலை எப்போது கண்டாயோ, எனக்குத் தெரியாது. ஆபீசுக்கு வரும்போது உன் கையில் எல்லாமே இருந்தது, பாப்பா. அந்தத் தாளைப் பிரித்துக் காட்டியிருந்தால் நீ டவுனுக்குப் படிக்கப் போயிருப்பாய், நான் மலைக்கு வேலைக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். மலையில் வேலை செய்து யாரும் செத்துப்போகவில்லை. உன் அம்மா சாகும்வரை கொழுந்து எடுத்தவள்தானே.

அப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று மட்டும் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். உங்கள் தொழிற்சாலையில் மிஷின் ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டெல்லாம் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்களாம், நீ உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இப்போது நீ சூப்பர்வைசர். உன் கையின் கீழ் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கும். துண்டைக் காணோம் என்று அழுதுகொண்டு ஒருத்தி வந்தால், முதலில் திட்டாதே, கூடக் குனிந்து தேடு. வாய்க்கு வந்தபடி மிரட்டி வைத்தால் அவள் துண்டைச் சட்டைக்குள் மறைப்பாள், அது தைத்த உடுப்போடு போய் எந்தக் குழந்தையின் உடம்பில் குத்துமோ தெரியாது. உன் மகன் வீட்டில் எதையாவது போட்டு உடைத்தாலும் அப்படித்தான். அவன் வந்து சொல்கிற மாதிரி உன் முகம் இருக்கட்டும். உன் முகம் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அது உன் அம்மாவின் முகம்.

தொர வந்தபோது அவரிடமும் சொல்லிவிட்டேன். போத்தலை மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். நான் முப்பது வருடமாகப் பயந்தது அதற்குத்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை, பசித்தது. இவ்வளவுக்கா என் பிள்ளையைக் கொடுத்தேன் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. ஆபீஸ் முற்றம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறாய். "சாப்பிட்டீங்களா? மருந்து குடிச்சீங்களா? சரிப்பா, வைக்கிறேன்." கல்யாணம் ஆனபோதும், பிள்ளை பிறந்தபோதும், அம்மா போனபோதும் இதே மூன்று வார்த்தை. பதினாறு வருடத்தில் ஒரு தடவை நீ என்னிடம் குரலை உயர்த்தவில்லை. நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். போனை வைத்த பிறகு, அந்த மரியாதையோடு தனியாக உட்கார்ந்திருப்பவன் நான். சன்னாசி திட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவன் இடத்தில் என் மகள் இருக்கக் கூடாதா என்றுதான். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. வந்து என்னைக் கூட்டிப் போ என்றும் எழுதவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதே. "ஏம்பா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேள். சத்தம் போட்டுக் கேள், உன் புருஷனும் பிள்ளையும் எழும்பி வரட்டும், இங்கே பக்கத்துப் பாய்க்காரர்களுக்கும் கேட்கட்டும். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு, பாப்பா, போனை வைத்துவிடாதே.

அப்பா